450 கிலோமீட்டர் ரேஞ்ச் என்ற காரில் மலைக்குப் போய்வந்த ஐந்து நாள்

ஜனவரி 9, வெள்ளி

அம்மாவுக்கு 76 வயது. மலைமேல் இருக்கும் பெரியம்மாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது. "ஒருதரம் கூட்டிட்டுப் போயேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசி ஆறு மாதமாகக் கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னை உறுத்தியது. பையனுக்கு விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. காரை எடுத்துவிட்டேன்.

எங்களுடையது மின்சாரக் கார். பேட்டரியில் பயன்படுத்தக் கிடைப்பது 60 யூனிட். வாங்கும்போது காகிதத்தில் போட்டிருந்த ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், 450 கிலோமீட்டர். எட்டு மாதமாக ஊருக்குள்ளேயே ஓட்டியதில் அந்த எண்ணைச் சந்தேகிக்கக் காரணமே வரவில்லை. சிக்னலில் நின்று நின்று போகும் பாதையில் சில வாரம் 460, 470 என்றுகூட வந்திருக்கிறது. அதனால் முதல் நாளின் 310 கிலோமீட்டரை நடுவில் சார்ஜ் போடாமல் ஒரே மூச்சில் போய்விடலாம், 140 மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்று எண்களை எழுதச் சொன்னேன்: ஓடிய தூரம், பேட்டரி சதவீதம், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது. திரை தெரியவேண்டும் என்பதால் அவன் முன்சீட்டில். அம்மா பின்னால்.

நெடுஞ்சாலையில் ஏறி வேகத்தை 110-ல் வைத்தேன். இருபதாவது கிலோமீட்டரில் பையன், "ம்மா, 20.8 காட்டுது" என்றான். ஊருக்குள் எங்களுக்கு 12, 13-தான் வரும். 60 யூனிட்டில் 450 ஓட வேண்டுமென்றால் செலவு 13.3-க்குள் இருக்க வேண்டும். போகப்போக இறங்கும் என்று சொன்னேன். இறங்கவில்லை. நாற்பதில் 21.2, அறுபதில் 21.4. சாலையோரத்துப் புல் முழுக்க எங்களைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. முன்னால் போன லாரியின் தார்ப்பாய் நுனி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலை மூடிக்கொண்டு ஏசியில் போகும்போது வெளியே காற்றடிப்பதே தெரியாது. புல்லைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், நாம் 110-ல் போனாலும் கார் கிழித்துக்கொண்டு போவது 130 கிலோமீட்டர் காற்றை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110-க்கும் 130-க்கும் தடையில் வித்தியாசம் சுமார் 40 சதவீதம். பெட்ரோல் காரிலும் இதே காற்றுதான் அடிக்கும். ஆனால் அங்கே எரிபொருளின் பெரும்பகுதி சூடாகவே வீணாவதால் இந்தக் கூடுதல் செலவு கண்ணில் படாது. வீணாவது குறைவான காரில் ஒவ்வொரு சின்னச் சுமையும் பளிச்சென்று தெரிகிறது.

120-வது கிலோமீட்டரில் 57 சதவீதம். மிச்சம் 34 யூனிட். அதே செலவில் அது 159 கிலோமீட்டருக்குத்தான் வரும். போகவேண்டியது 190. வேகத்தை 90-க்குக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் செலவு 17.5-க்கு இறங்கியது. அந்தக் கணக்கில் 195 கிலோமீட்டர் போகலாம். 190-க்கு 195! அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அந்த ஐந்து கிலோமீட்டரை நம்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. 160-வது கிலோமீட்டரில் ஒரு சார்ஜர் இருப்பதாக வரைபடம் காட்டியது.

இரண்டு சார்ஜர் இருந்தன. ஒன்றில் மாட்டினால் மூன்று நிமிடம் யோசித்துவிட்டுப் பிழை என்றது. நான்கு முறை கழற்றி மாட்டினேன், நான்கு முறையும் அதேதான். இன்னொன்றில் வேறு கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது வயதிருக்கும், அந்தக் காரின் சொந்தக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அம்மா காலை நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்தார்.

"எனக்கு 78 வந்துடுச்சும்மா. இன்னும் நாப்பது கிலோமீட்டர்தான் போகணும். நீங்க போடுங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கழற்றி, கேபிளைச் சிக்கில்லாமல் இழுத்து என் கையில் கொடுத்துவிட்டார். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னேன்.

"மலைக்கா? அப்ப திரையில கிலோமீட்டரைப் பாக்காதீங்க. அது வண்டி சொல்ற ஜோசியம். சதவீதத்தை மட்டும் பாருங்க."

45-லிருந்து 80 சதவீதம் ஏற இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும் என்பதால் 80-லேயே கழற்றிவிட்டேன். மாலையில் காற்றும் தணிந்தது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது 35 சதவீதம்.

விடுதியில் சார்ஜர் இல்லை, சாதாரண சுவர் பிளக்தான். காவலாளி மறுக்காமல் சுவரோரம் காரை நிறுத்த இடம் காட்டினார். அந்தப் பிளக்குக்குத் தனி மீட்டர் இருந்தது. "காலைல எவ்வளவு ஓடியிருக்குன்னு பாத்துக்கலாம்" என்று டார்ச் அடித்து எண்ணைப் படித்துப் பையனை எழுதச் சொன்னார்.

படுக்கப் போகும்போது பையன் கேட்டான்: "450-ன்னு யாரு சொன்னது?"

அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன், இங்கேயும் எழுதிவிடுகிறேன். எங்கள் காரின் 450 என்பது டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனையில் வந்த எண். ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து புதிய கார் மாடல்களுக்கு நடைமுறைக்கு வந்த முறை அது. காரை உருளைகள் மேல் ஏற்றி நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட வேக வரைபடத்தின்படி சக்கரங்களை ஓடவிடுவார்கள். ஒரு சுற்று 30 நிமிடம், சுமார் 23.3 கிலோமீட்டர். சராசரி வேகம் 46.5. உச்சவேகம் 131 வரை போகும். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தைக் குறிக்கும் கடைசிப் பகுதி ஐந்தரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அறையின் வெப்பம் 23 டிகிரி. ஏசியும் ஹீட்டரும் ஓடாது. மழை இல்லை, மேடில்லை, எதிர்க்காற்று இல்லை. காற்றின் தடையை உருளையின் இறுக்கத்தில் கணக்கிட்டு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த என்.இ.டி.சி. இன்னும் தாராளமானது. சராசரி வேகம் 34-ஐ ஒட்டித்தான். சீனாவின் சி.எல்.டி.சி. சோதனையில் சராசரி 29, உச்சம் 114. இந்தியாவின் எம்.ஐ.டி.சி.யில் உச்சவேகமே 90. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வேறு மாதிரி செய்கிறது. உருளையில் வந்த தூரத்தைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கி, வேகம், குளிர், ஏசிக்கெல்லாம் முன்கூட்டியே கழித்துவிடும். அதனால்தான் ஒரே காருக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு ரேஞ்ச். இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் நன்றாகவே உதவும். ஆனால் 450 என்பது அந்த 23 டிகிரி அறையில், அந்த முப்பது நிமிட ஓட்டத்துக்கான விடை. நான் அதை நாளைய பயணத்துக்கான விடையாக எடுத்துக்கொண்டேன். அது என் தவறுதான்.

பையன் தூங்கிவிட்டிருந்தான்.

ஜனவரி 10, சனி

காலையில் காவலாளியும் பையனும் சேர்ந்து மீட்டரைப் பார்த்தார்கள். இரவில் ஓடியது 23.4 யூனிட். காருக்குள் ஏறியது 20.6. மிச்சம் சார்ஜ் ஏறும்போதே சூடாகப் போய்விட்டது. காரின் திரை இந்த இழப்பைக் காட்டாது, மின்கட்டணம் மட்டும் காட்டும். பேட்டரி 69 சதவீதம்.

கிளம்பியதிலிருந்து மழை. அடைமழை இல்லை, விடாத தூறல். ஈரமான சாலையில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரை விலக்கித் தள்ளிக்கொண்டே போகவேண்டும், அதற்கும் சக்தி வேண்டும். கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஏசி வேறு. ஆனாலும் 85-க்கு மேல் போக முடியாத பாதை என்பதால் செலவு 15.8-ல் நின்றது. நேற்றைய வெயிலில் 21.5, இன்றைய மழையில் 15.8. அவ்வளவு தூரம் வேகத்தின் கையில் இருக்கிறது.

145 கிலோமீட்டர் கடந்து மலையடிவாரத்துக்கு 31 சதவீதத்தில் வந்தோம். இங்கே சார்ஜர் ஒழுங்காக வேலை செய்தது. மேலே ஒரே ஒரு சார்ஜர்தான், அது ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் 90 வரை ஏற்றிக்கொண்டேன். திரை 340 கிலோமீட்டர் என்றது. மேலே போகவேண்டியது 62.

இனி எழுதப்போவதைத்தான் இந்தப் பயணம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடிவாரத்தில் 21 டிகிரி. ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்தது. பத்தாவது வளைவில் 16, அப்புறம் மேகத்துக்குள் நுழைந்ததும் 12. ஹீட்டரைப் போட்டேன். பையன் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தான். 340 என்றிருந்தது 300 ஆனது, 250 ஆனது. முப்பது கிலோமீட்டர்தான் ஏறியிருந்தோம், திரையில் 170. ஒவ்வொரு கிலோமீட்டர் போவதற்கும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் கரைந்துகொண்டிருந்தது. மிச்சம் 32 கிலோமீட்டர் ஏற்றம். இதே வேகத்தில் கரைந்தால் மேலே போய்ச் சேரும்போது ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. மேலே சார்ஜர் வேலை செய்யாவிட்டால்? நேற்றைய பிழைத்திரை கண்முன் வந்து நின்றது.

ஹீட்டரை அணைத்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையனுக்கு ஸ்வெட்டர் இருந்தது. நான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து வளைவுகளைப் பார்த்துக்கொண்டு போனேன். நாற்பத்தைந்து நிமிடம். ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அம்மா சால்வையைத் தலைவழியே போர்த்தி, இரண்டு கையையும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா வீட்டு வாசலில் 6 டிகிரி. அம்மாவை இறக்கக் கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் விறைத்திருந்தது. நகத்தடி நீலம் பாரித்திருந்தது. "குளிருதுன்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "சார்ஜு தீர்ந்துடும்னு நீ பயந்துக்கிட்டிருந்தியே" என்றாள்.

பேட்டரியில் 55 சதவீதம் மிச்சம் இருந்தது.

இரவு பையனின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். காரும் நாங்களும் பெட்டிகளும் சேர்த்து சுமார் 2,050 கிலோ. ஏறிய உயரம் 1,900 மீட்டர். எடை, உயரம், 9.8 மூன்றையும் பெருக்கி 36 லட்சத்தால் வகுத்தால் யூனிட் வரும். பள்ளிக்கூடக் கணக்கு. விடை 10.6. மோட்டாரில் போகும் இழப்பைச் சேர்த்தால் 12-க்குள். மலைக்கு ஆகும் செலவு அவ்வளவுதான், அதற்கு மேல் மலை கேட்காது. இதோடு 62 கிலோமீட்டர் மெதுவாக உருள ஏழரை யூனிட். கீழேயே உட்கார்ந்து ஐந்து நிமிடம் இதைப் போட்டிருந்தால், 20 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் ஆகும், கையில் இருப்பது 54 என்று தெரிந்திருக்கும்.

திரையில் வந்த கிலோமீட்டர் எப்படிக் கரைந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கார் கடைசியாக ஓடிய தூரத்தின் செலவை வைத்து, இனிமேலும் இப்படியே போகும் என்று எடுத்துக்கொள்கிறது. அடிவாரத்தில் சமவெளிச் செலவை வைத்து 340 சொன்னது. பாதி மலையில், இந்த ஏற்றம் என்றைக்கும் முடியாது என்பதுபோல 170 சொன்னது. அப்போது பேட்டரி 71 சதவீதம். நேற்று அந்தப் பெரியவர் சொன்னது இதைத்தான். அவர் சொன்னது காதில் இருந்தும் நான் கிலோமீட்டரையே பார்த்தேன்.

ஹீட்டர் அந்த நாற்பத்தைந்து நிமிடமும் ஓடியிருந்தால் ஆகியிருக்கக்கூடியது 2 யூனிட். 55-க்குப் பதில் 52-ல் வந்திருப்போம். அந்த மூன்று சதவீதத்துக்காக அம்மாவின் கை விறைத்தது. இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இரவு 2 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. பெரியம்மா வீட்டில் காருக்குப் பிளக் எட்டாது, வெளியேதான் நின்றது. காலையில் 54 சதவீதம். காரைக் கிளப்பியதும் திரையில் புள்ளிக்கோடு ஒன்று வந்தது. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பிப் போகவேண்டிய மின்சாரத்தை இப்போதைக்கு வாங்கிக்கொள்ள முடியாது என்று பொருள். பேட்டரி குளிர்ந்தால் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். உள்தடை கூடும். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே சிரமம்.

அக்காவும் தங்கையும் பார்க்க நினைத்த ஆட்களும் இடங்களும் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தன. ஆறு தடவை காரை எடுத்தேன். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு கிலோமீட்டர். மொத்தம் 24. மாலையில் பார்த்தால் பதின்மூன்று சதவீதம் போயிருந்தது, அதாவது 8 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 33! இந்தக் கணக்கில் முழு பேட்டரிக்கு 180 கிலோமீட்டர்தான்.

காரணம் ஓட்டம் இல்லை, நிறுத்தம். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து வந்தால் கார் மறுபடி சில்லிட்டுக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் காற்று, சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சூடாக்கவேண்டும். சூடாகி முடியும்போது இறங்கவேண்டிய இடம் வந்துவிடுகிறது. ஒரே ஓட்டமாக 24 கிலோமீட்டர் போயிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. ஊருக்குள் ஓட்டினால் ரேஞ்ச் கூடும் என்று எட்டு மாதமாக நம்பியிருந்தேன். குளிர் வந்தால் அது தலைகீழாகிவிடுகிறது. வீட்டில் பிளக் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன், சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிக்கொள்ளலாம். அந்தச் செலவு பேட்டரியில் விழாது.

நார்வேயின் மோட்டார் கூட்டமைப்பு 2020-லிருந்து இதைச் சோதித்துப் பார்க்கிறது. குளிர்காலத்தில் பல கார்களை வரிசையாக ஒரே பாதையில், சார்ஜ் முழுதும் தீர்ந்து நிற்கும் வரை ஓட்டுகிறார்கள். கோடையிலும் அதேபோல. குளிர்காலத்தில் சில கார்கள் அறிவித்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்கையே இழந்திருக்கின்றன. அங்கே மக்கள் பெருமளவில் மின்சாரக் கார்தான் வாங்குகிறார்கள், இந்த எண்களைத் தெரிந்துகொண்டே வாங்குகிறார்கள்.

இன்று முழுக்க ஹீட்டரை ஒருமுறைகூட அணைக்கவில்லை. பின்சீட்டில் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, என்றைக்கோ நடந்த ஏதோ ஒரு சண்டையைப் பற்றி யார் சொல்வது சரி என்று வாதாடிக்கொண்டே வந்தார்கள்.

ஜனவரி 12, திங்கள்

காலை 40 சதவீதம். ஊரில் இருக்கும் அந்த ஒற்றைச் சார்ஜர் வேலை செய்தது. ஆனால் 60 கிலோவாட் கொடுக்கக்கூடிய சார்ஜரிலிருந்து கார் வாங்கிக்கொண்டது 20-தான். இரவெல்லாம் குளிரில் நின்ற பேட்டரி. பத்து நிமிடம் ஆனபோது பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண், பின்னால் கைக்குழந்தையோடு அவருடைய மாமியார். அவர்கள் மலையின் மறுபக்கம் போகவேண்டும், மேடும் பள்ளமுமான பாதை. அவர் காரில் இருந்தது 9 சதவீதம்.

"அக்கா, இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எனக்கு 46 வந்திருந்தது. முன்பு போலிருந்தால் 80 வரும்வரை அங்கேயே இருந்திருப்பேன். இப்போது நோட்டில் கணக்கு இருந்தது. எனக்கு இனி 62 கிலோமீட்டர் இறக்கம், அடிவாரத்தில் நல்ல சார்ஜர். "எனக்கு இறக்கம்தாம்மா, நீ போடு" என்று கழற்றிக் கொடுத்தேன். முதல் நாள் அந்தப் பெரியவர் செய்ததுபோல் கேபிளைச் சிக்கெடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

இன்று அம்மா முன்சீட்டில். முன்சீட்டுகளில் மட்டும் சூடாக்கும் வசதி இருக்கிறது. எட்டு மாதத்தில் அதை ஒருநாள்கூடப் போட்டதில்லை, தேவைப்படவில்லை. ஒரு சீட்டுக்குச் சுமார் 60 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் செலவு. கார் முழுக்கச் சூடாக்கும் ஹீட்டர் அதைப்போல நாற்பது மடங்குக்கு மேல் இழுக்கிறது. சனிக்கிழமை அம்மாவை முன்னால் உட்கார வைத்து அந்த ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். பையன் நோட்டோடு பின்னால் போனான், எண்களை நான் சொல்லச் சொல்ல எழுதினான்.

முதல் ஏழெட்டு கிலோமீட்டர் புள்ளிக்கோடு இருந்தது, கால்பிரேக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வளைவுகளில் மெதுவாகவே இறங்கினேன். அப்புறம் பேட்டரி கொஞ்சம் சூடேறி, கோடு மறைந்தது. அங்கிருந்து காலை எடுத்தாலே கார் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. பேட்டரிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. 46, 46, 47. அம்மா குனிந்து திரையைப் பார்த்துவிட்டு, "ஏறுதே!" என்றாள். அவளுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அடிவாரத்தில் 48. ஹீட்டர், சீட்டு சூடு எல்லாம் ஓடி, 62 கிலோமீட்டர் வந்து, இரண்டு சதவீதம் கூடியிருந்தது.

மலைமேலேயே நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்த மின்சாரம் போய் உட்கார இடமே இருந்திருக்காது.

ஏற்றத்தில் 21 யூனிட் போனது, இறக்கத்தில் ஒன்றேகால் யூனிட் வந்தது. போக வர 124 கிலோமீட்டருக்குச் சராசரி 16. முதல் நாள் சமவெளியில் 19.3. மலையைத்தான் பயந்தேன், செலவு வைத்தது நேரான சாலை.

அடிவாரத்தில் இருபது நிமிடம் சார்ஜ் போட்டு 76 சதவீதத்தில் கிளம்பினோம். மழை இல்லை, பாதை காய்ந்திருந்தது. நான்கு மணிக்கெல்லாம் அதே விடுதி, 42 சதவீதம். அதே காவலாளி. அவரே வந்து டார்ச்சை எடுத்து மீட்டர் எண்ணைப் படித்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

பதினைந்து மணி நேரம் சுவர் பிளக்கில் கிடந்து 94 சதவீதம். ஏழு மணிக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை ஏறுமுன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் புல்லைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எங்களைப் பார்த்துச் சாய்ந்த அதே பக்கத்துக்குத்தான் இன்றும் சாய்ந்திருந்தது. நாங்கள்தான் திரும்பிப் போகிறோம். காற்று இப்போது முதுகுப் பக்கம்.

100-ல் வைத்தேன். இருபதாவது கிலோமீட்டரில் பையன் எழுதிய எண் 14.6. நூறாவதில் 14.3. முழு பேட்டரிக்கு 420 கிலோமீட்டர் என்ற கணக்கு. அதே கார், அதே சாலை, அதே மூன்று பேர். வெள்ளிக்கிழமை 110-ல் போகும்போது இதே கணக்கில் 280-ஐத் தொடவில்லை. ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் இந்தக் காரை ஓட்டிப் பார்த்திருந்தால் நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சத்தியம் செய்திருப்பார். இன்றைக்கு மட்டும் ஓட்டியவர் காகிதத்தில் இருப்பது கிட்டத்தட்ட அப்படியே வருகிறது என்று சொல்லியிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். இனி யாராவது என்னிடம் உன் கார் எவ்வளவு ஓடும் என்று கேட்டால், எந்தப் பாதையில், என்ன வேகத்தில், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லமாட்டேன்.

பழைய சார்ஜரைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். பிழை காட்டிய சார்ஜரின் திரை அணைந்து கிடந்தது. இன்னொன்றில் யாரோ சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவர் இல்லை.

310 கிலோமீட்டரையும் சார்ஜ் போடாமலே வந்தோம். நடுவில் இரண்டு தடவை நின்றது அம்மா கால் நீட்டுவதற்காக. வீட்டு வாசலில் 20 சதவீதம்.

பையன் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தான். 1,058 கிலோமீட்டர், 176 யூனிட். நூறுக்கு 16.6. எதிர்க்காற்று, மழை, மலை, குளிர், பின்காற்று எல்லாம் சேர்ந்து முழு பேட்டரிக்கு 360 கிலோமீட்டர். அட்டையில் 450-க்கு நேரே 360 என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டான்.

உள்ளே அம்மா போனில் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "வந்து சேர்ந்துட்டோம்க்கா. இல்ல, இல்ல, நடுவுல எங்கயும் சார்ஜு போடல. வெயில் காலத்துல மறுபடி வரேன். முன்சீட்டு எனக்குத்தான்னு அவகிட்ட இப்பவே சொல்லிவச்சுட்டேன்."